கம்பைலர் மரத்தில் மூன்றாவது கிளை

நேற்று அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய கேஸ் சிலிண்டர் பக்கத்து வீட்டில் இறங்கிவிட்டது. சிலிண்டர்காரர் மேல் குற்றமில்லை. போனில் வழி கேட்டவரிடம், "பால் பூத்துலேர்ந்து மூணாவது வூடுங்க" என்று சொன்னவன் நான்தான். நடுவில் புதிதாக ஒரு வீடு எழும்பியிருக்கிறது. மாதக்கணக்கில் அதன் சிமெண்ட் தூசியைத் தின்றவன், எண்ணும்போது மட்டும் அதை விட்டுவிட்டேன். வழி சொல்வதில் இது என் முதல் தோல்வி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தோல்வியைச் சம்பளம் வாங்கிக்கொண்டே செய்தேன்.

அப்போது பெரம்பலூரில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில், நாலு நாற்காலி போட்ட சாஃப்ட்வேர் ஆபீஸில் இருந்தேன். கீழேயிருந்து பூச்சிமருந்து வாசனை ஏறி வரும். இன்றைக்கும் உரக்கடையைக் கடந்தால் எனக்கு ஜாவா ஞாபகம் வருகிறது. இதை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலியில் நூருல்லா, லப்பைக்குடிக்காட்டுக்காரன். அவனுடைய அத்தா துபாயில் ஒரு கிடங்கு வேலைக்கு விசா எடுத்து வைத்துக்கொண்டு, வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தார். அவனுக்குப் போக மனசில்லை. நாங்கள் செய்துகொண்டிருந்த கருவியைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கினால் இருவருக்கும் வேலை நிலைக்கும். இல்லையென்றால் ஒருவருக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கருவி இதுதான். ஒரு புரோகிராமில் நூறு இடங்களில் செய்யவேண்டிய ஒரே வேலையை, ஒவ்வொரு செயலும் தொடங்கும் நேரத்தைக் குறித்து வைப்பது மாதிரி, தனியாக ஓரிடத்தில் எழுதிவிடலாம். நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரே அதை நூறு இடங்களிலும் செருகிக்கொள்ளும். ஆனால் எங்கே செருகியது என்று பார்த்தால் தெரியாது. எங்கள் கருவி அதைத் திரையில் அந்தந்த வரியின் ஓரத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டவேண்டும். கம்பைலர் தனக்குள் புரோகிராமை ஒரு மரமாக வைத்திருக்கும்: கோப்பு, அதன் கிளையாக கிளாஸ் என்கிற தொகுப்பு, அதன் கிளைகளாக மெத்தட்கள் என்கிற தனித்தனிச் செயல்கள். அந்த மரத்தில் ஏறி இறங்கும் பகுதியை எழுதியவன் நான்.

ஒவ்வொன்றையும் பேர் சொல்லித் தேடலாம் என்றான் நூருல்லா. பேர் நீளம், எண்தான் வேகம் என்று அவனுக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். கோப்பின் முதல் கிளை, அதில் மூன்றாவது கிளை என்று எண்ணிக்கொண்டே போனேன். சோதித்துப் பார்த்த குட்டிக் கோப்புகளையும் நானே எழுதினேன். கேள்வித்தாளும் என் கையில் இருந்தால் நான் எப்போதும் சென்டம்தான்.

சென்னைக்காரர்கள் வந்து தங்கள் கோப்பைத் திறந்தார்கள். அதன் தலையில், வேறு கோப்புகளைத் துணைக்கு அழைக்கும் இம்போர்ட் வரிகள் வரிசையாக; என் குட்டிக் கோப்புகளில் அவை இல்லை. அவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி கம்பைலர் முதல் கிளையில் வைத்து, கிளாஸை இரண்டாவதாகத் தள்ளிவிடும் என்பது எனக்குத் தெரியாது. அம்புகள் அத்தனையும் அங்கே போய் ஈ மாதிரி மொய்த்தன.

"என்ன சார், எல்லாம் வாசல்லயே நிக்குது?" என்றார் வந்தவர்.

இதை யார் எழுதியது என்று முதலாளி கேட்டார். நான் ஒரு ஜோக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். நெருக்கடியில் எனக்கு வருவது அது ஒன்றுதான். அதற்குள் நூருல்லா, "நான் எழுதுனதுங்க" என்றான். நான் திரையில் அம்புகளை எண்ணத் தொடங்கினேன்.

கீழே டீக்கடையில், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"எனக்காச்சும் விசா இருக்கு மச்சான். ஒனக்கு என்ன இருக்கு?"

மறுநாள் காலையில் பேரை வைத்துத் தேடும்படி மாற்றினேன். ஏழே வரி. அம்புகள் ஒழுங்காக நின்றன. சென்னைக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதிலே வரவில்லை. நூருல்லா திருச்சியில் விமானம் ஏறினான். அவன் விட்டுக்கொடுத்த வேலையை நான் பொங்கல்வரை பார்த்தேன்; பிறகு ஆபீஸையே மூடிவிட்டார்கள்.

அந்த மாடியில் இப்போது பல் ஆஸ்பத்திரி. எங்கள் கருவி புரோகிராம் எழுதும் எந்தப் புதிய எடிட்டரிலும் திறப்பதில்லை. அப்படி ஓரிடத்தில் எழுதி நூறு இடங்களில் செருகுகிறவர்களையே அதிகம் காணோம்.

போன நோன்புப் பெருநாளுக்கு நூருல்லா ஊருக்கு வந்திருந்தான். பல வருடம் ஒத்திகை பார்த்த பேச்சை அவன் வீட்டுப் பிரியாணிக்குப் பிறகு ஒருவழியாகத் தொடங்கினேன். அன்றைக்கு அந்த அம்புகள் விஷயத்தில், என்று இழுத்தேன். அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"எந்த அம்பு மச்சான்?"

மரம், கிளை என்று விளக்க ஆரம்பித்தேன். விருந்தாளி மனசு நோகக்கூடாதே என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். என்னைவிட நன்றாக அந்த மரத்தை அறிந்திருந்தவனுக்கு, கிளாஸ் என்றால் என்ன என்பதிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.