கொசுவுக்கு ஏழு வருஷம்

மலாயாவில் தங்காக் என்ற ஊரின் கடைத்தெருவில் நான் கட்டிய ஒரே வீட்டை, என் கட்டுரை ஒன்றைப் புகழ்ந்ததற்காக, முன்பின் தெரியாத ஒருவருக்கு ஏழு வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தவன் நான். இதைவிடக் கூச்சமான காரியங்களையும் செய்திருக்கிறேன். ஆனால் அவற்றுக்கெல்லாம் என் கையெழுத்துப் போட்ட பத்திரம் கிடையாது.

அப்போது நான் ஊருக்கு நாலு மைல் தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. நாகப்பட்டினத்துப் பக்கம் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவன். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள என் மனைவியை விட்டால் ஆள் இல்லை. மகளை நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. தோட்டத்தில் எனக்குக் கிடைத்தது இன்னொரு கிராணியோடு பங்கு போட்ட ஓர் அறை. அங்கே குடும்பத்தை அழைத்து வர முடியாது. அதற்காகத்தான் கடைத்தெருவில் அந்தப் பலகை வீடு.

பின்னறை ஜன்னலை மட்டும் தாழ்வாக வைக்கச் சொன்னேன். சின்னப் பெண் எம்பாமலே லேடாங் மலையைப் பார்க்க வேண்டும். சீனத் தச்சர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கோழி வளர்க்கப் போகிறாயா என்று மலாயில் கேட்டார்.

வீடு முடிந்தது, மாமனார் முடியவில்லை. ஆளில்லாத பலகை வீட்டில் கறையான் குடியேறிவிடும். மனைவி வரும்வரை யாருக்காவது வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தேன். எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் கேள்வி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸ்ஸரிடம் யோசனை கேட்டேன். அவர் என் நெருங்கிய சிநேகிதர். நான் எழுதியதையெல்லாம் முதலில் கேட்டவர். கேட்டவர் என்றுதான் சொல்கிறேன். ரசித்தவர் என்பதற்குச் சாட்சியம் இல்லை.

“புது ஆளுக்கு ஆறு மாசம் போடுங்க கிராணி” என்றார். “ஆறு மாசத்துல ஆள் எப்படின்னு தெரிஞ்சுடும். ஊர்லேர்ந்து வீட்டம்மா திடீர்னு கடுதாசி போட்டாலும் வீடு கையில இருக்கும். ஒழுங்கா இருந்தான்னா இன்னொரு ஆறு மாசம். அதுக்கு மேல யார் கேட்டாலும் குடுக்காதீங்க.”

இதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, ‘ஆறு மாதம்’ என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்தார். கடைத்தெருவில் புதிதாகத் துணிக்கடை திறந்தவர். தங்குவதற்கு வீடு தேடுகிறார். வந்தவர் வீட்டைப் பார்க்கவே இல்லை; என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கொசுவலையைப் பத்தி எழுதினது ஐயாதானுங்களே?”

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில், கடைசிப் பக்கத்தில், இருமல் மருந்து விளம்பரத்துக்கும் கப்பல் புறப்படும் நேரங்களுக்கும் நடுவே வெளியான கட்டுரை அது. அதைப் படித்ததாக அதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

“‘கொசுவலை என்பது மனிதன் தன்னை உள்ளே பூட்டிக்கொண்டு, வெளி உலகம் முழுவதையும் கொசுவுக்கு எழுதி வைக்கும் ஏற்பாடு.’ அடடா! என்னா எழுத்துங்க!”

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னார். எனக்குக் காது சூடேறிவிட்டது. எவ்வளவு காலத்துக்கு வேண்டும் என்று கேட்டேன்.

“மூணு வருஷம் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவுங்க.”

குறிப்புப் புத்தகம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. “மூணு எதுக்கு?” என்றேன். “கடை நிலைச்சு நிக்கவே மூணு ஆகும். ஏழு போட்டுக்குவோம்.”

பத்திரத்தை நானே எழுதினேன். குடியிருப்பவர் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். உரிமையாளர் மட்டும் ஏழு வருஷம் முடியும்வரை எந்தக் காரணத்தைக் காட்டியும் காலி செய்யச் சொல்லக்கூடாது. பெருந்தன்மையும் சட்ட ஞானமும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. அதை இரண்டு தரம் உரக்கப் படித்துக் காட்டினேன். வாசகர் கேட்டு முடித்து, மையில் கட்டை விரலைத் தோய்த்துக் கைநாட்டு வைத்தார்.

எழுதப் படிக்கத் தெரிந்த எவனும் அந்த இடத்தில் விழித்திருப்பான். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று நினைத்தவன் நான் ஒருவன்தான்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. மாமனார் போய்விட்டார், காரியங்கள் முடிந்ததும் கப்பலேறுகிறோம், நீங்கள் எழுதிய அந்தத் தாழ்ந்த ஜன்னலைப் பற்றியே உங்கள் மகள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று மனைவி எழுதியிருந்தாள். கடிதத்தோடு துணிக்கடைக்காரரிடம் போனேன். மரியாதையாக உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

“கடைக் கணக்கப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டேனுங்க. எந்தக் காரணத்துக்கும் போகச் சொல்ல முடியாதுன்னு ஐயாவே எழுதியிருக்கீங்களாமே?”

“என் எழுத்தை அவ்வளவு ரசிச்சவர் நீங்க. எனக்காக ஒரு...”

அவர் தலையைச் சொறிந்தார். “எனக்கு எழுத்துன்னு ஒண்ணும் தெரியாதுங்க. டிரஸ்ஸர் ஐயாதான் நாலு நாள் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. ‘எழுதி வைக்கும்’ங்கற இடம் வாயில நுழையறதுக்கே ரெண்டு நாள் ஆச்சுங்க.”

பின்னறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். தாழ்ந்த ஜன்னலில், மலை தெரியாதபடி, வரிசையாக மருந்து பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் டிரஸ்ஸர் கையால் ஒட்டிய சீட்டு. தோட்டத்து வேலை முடிந்ததும் சாயங்காலங்களில் அவர் இங்கே வைத்தியம் பார்க்கிறாராம். அறைக்கு வாடகை கிடையாது. வீடு பிடித்துக் கொடுத்ததற்குக் கைம்மாறு. நான் சனிக்கிழமைதோறும் அவருக்குப் புதுக் கட்டுரை படித்துக் காட்டிக்கொண்டிருந்த மாதங்களில்தான் இதுவும் நடந்திருக்கிறது.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிரஸ்ஸர் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கலக்கிக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

“ஆறு மாசத்துக்கு மேல குடுக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சிநேகிதனாச் சொன்னது அது. நல்ல யோசனைதானே?”

“அப்புறம் ஏன் அவனுக்குப் பாடம் நடத்தினீங்க?”

“எனக்கு ஒரு அறை தேவைப்பட்டுச்சு கிராணி. நேராக் கேட்டா, குடும்பம் வருதுன்னு சொல்லுவீங்க. கொசுவைப் பத்திச் சொன்னா மூணு வருஷம் விழும்னு தெரியும். ஏழு வருஷம்னு நான் கேக்கவே சொல்லல. மிச்ச நாலும் உங்க தாராளம்.”

“என் பொண்ணுக்குன்னு வச்ச ஜன்னல் அது. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். வர்றாங்க வர்றாங்கன்னு நீங்களும் எத்தனை வருஷமாச் சொல்றீங்க? வரமாட்டாங்கன்னு நெனச்சேன்.”

இரவுகளில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அதை நினைக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் என்றும் எண்ணியிருந்தேன்.

மூவார் பட்டணத்தில் ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டினேன். மூன்று முறை படித்துவிட்டு, “பிரமாதமா எழுதியிருக்கீங்க. எங்கயும் ஒரு ஓட்டை இல்ல” என்றார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் என் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

என் வீட்டுக்கு எதிர்வரிசையில் ஒரு காப்பிக் கடை. மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எழுதுகிறவன் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். “சத்து பூலான் டுலு” என்றார். முதலில் ஒரு மாதம், பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். புது ஆளுக்கு எவ்வளவு காலம் கொடுக்கலாம் என்று அந்தத் தெருவில் தெரிந்திருந்தவர் அவர்தான்.

குடும்பம் அங்கேதான் வந்து இறங்கியது. மகள் என்னை யாரோ என்பதுபோலப் பார்த்துவிட்டு ஜன்னல் எங்கே என்று கேட்டாள். மாடி ஜன்னல் உயரம். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஏற்றி நிறுத்தினேன். மலையின் மேல்பாதி தெரிந்தது. கீழ்ப்பாதியை எங்கள் வீட்டுத் தகரக் கூரையே மறைத்தது.

மனைவியிடம் எதையும் ஒளிக்கவில்லை. அவள் திட்டவும் இல்லை. அந்தக் கட்டுரையை மட்டும் கேட்டாள். பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் நின்று, இருமல் மருந்து விளம்பரம் தொடங்கும் இடம்வரை நிதானமாகப் படித்தாள். ஓர் இடத்திலும் சிரிக்கவில்லை. தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தாள்.

“இதுக்கா ஏழு வருஷம்? ஆறு மாசமே ஜாஸ்தி.”