எண்ணெய் ஊற்றிய கடல்

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. பாம்பன் கடற்கரையை ஒட்டித்தான் எங்கள் வீடு. கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் என் வீட்டுக்காரர் கொழும்புத் துறைமுக வேலைக்குக் கப்பலேறிவிட்டார். போன புதிதில் தகவல் வந்தது. அப்புறம் மாதக்கணக்கில் மூச்சே இல்லை. மாமியார் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மாதா படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் உச்சி வெயிலில் நாத்தனாரும் நானும் முழங்கால் தண்ணீரில் நின்று, கருவாட்டுக்கு அறுத்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தபோது கழுத்தில் ஏதோ நெருடியது. இழுத்தால் அறுந்த மஞ்சள் கயிறு கையோடு வந்தது. சிலுவை வைத்த தாலியைக் காணோம்.

ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நேரத்தில் இப்படியா! காற்றில் தண்ணீர் சின்னச் சின்ன அலையாக ஆடிக்கொண்டே இருந்தது. என் பாதம்கூட எனக்குத் தெரியவில்லை.

"மதினி, கால எடுத்துறாதீக! மண்ணு கலங்கிரும். சங்கு குளிக்கிறவுக எண்ணெய ஊத்தித்தான அடியப் பாக்குறாக? இரிங்க, எடுத்துட்டு வாரேன்" என்று நாத்தனார் ஓடினாள்.

அவள் கொண்டுவந்ததைப் பார்த்து எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுப்படியில் எண்ணெய் தீர்ந்துபோனதால், என் பெட்டியிலிருந்த குப்பியை எடுத்து வந்திருந்தாள். மரிக்கொழுந்து போட்டுக் காய்ச்சிய எண்ணெய். அவர் தலைக்குத் தேய்த்தது போக மிச்சம். தலையணையில் அவர் வாசம் எப்போதோ போய்விட்டது. மனசு தாங்காதபோது இந்தக் குப்பியைத் திறந்து மோந்து பார்ப்பேன். ஒரு சொட்டுக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை.

"இது வேணாம்டி."

"ஆத்தே! தாலிய விட எண்ணெயா மதினி பெருசு?"

குப்பியை வாங்கி நானே கவிழ்த்தேன்.

எண்ணெய் நாலா பக்கமும் ஓடிப் படர்ந்தது. தண்ணீர் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்குமாம். மேலே எண்ணெய் பரவினால் அந்தப் பிடி தளர்ந்து சின்ன அலையெல்லாம் அடங்கிவிடுமாம். பின்னாளில் காலேஜில் படித்த என் மகள் சொன்னாள். அன்று நான் கண்டதெல்லாம், ஒரு பாய் விரிக்கும் இடத்துக்குக் கடல் கண்ணாடியாகிப் போனதுதான். என் கால்விரல், உடைந்த சிப்பி, குதிகாலுக்குப் பக்கத்திலேயே தாலி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

நாத்தனார் மண்ணோடு அள்ளி எடுத்து, "கெடச்சிருச்சு மதினி!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். தண்ணீரிலிருந்து அவர் வாசம் குப்பென்று எழும்பிக்கொண்டிருந்தது. அவள் கரைக்கு இழுத்தும் நான் நகரவில்லை. அந்த வாசம் முழுக்கப் போகிறவரைக்கும் அங்கேயே நின்றேன்.

மறுவருஷம் அவர் நல்லபடியாக வந்து சேர்ந்தார், தலையில் ஏதோ கொழும்பு எண்ணெய் மணக்க. தாலி கிடைத்த சந்தோஷத்தில் மதினி எப்படி அழுதாக தெரியுமா என்று நாத்தனார் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அழுதது போன எண்ணெய்க்காக என்று அவளிடம் சொல்ல, இந்த வயதிலும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.