புகார் இல்லாத குடியிருப்பு

மொட்டைமாடி முதல் மோட்டார் அறை வரை எல்லாச் சாவியும் அவள் இடுப்பில் தொங்கியதால், சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் சாவி அக்கா. அரசு கட்டிக் கொடுத்த அந்த ஐந்து மாடிக் குடியிருப்புக்கு இருபத்திரண்டு வருடமாக அவள்தான் பராமரிப்பாளர். எந்தக் குழாய் ஒழுகினாலும் உருளுவது அவள் தலைதான்.

புகார் நோட்டு போய்ச் செல்போனில் செயலி வந்தது. இனி எந்தப் புகாரையும் அமுக்க முடியாது என்று வீட்டு வசதி அலுவலகத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பாதி வீடுகளில் அந்த மாதிரி போனே கிடையாது. அவர்கள் புகாரையெல்லாம் அவள் தன் எண்ணிலேயே பதிந்தாள். வேலை முடிந்ததாக மெக்கானிக் குறித்ததும் அந்த எண்ணுக்கு ஓர் ஓடிபி வரும். அவன் அதைக் கேட்டு வாங்கிப் போட்டால்தான் கணக்கில் புகார் தீரும்.

லிஃப்ட் நின்று நான்கு மாதம். ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கும் தையல்காரருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. லிஃப்ட் நின்றதிலிருந்து மனிதர் தரையை மிதிக்கவில்லை. அவருக்காக ஆறு முறை புகார் பதிந்தாள். ஆறு முறையும் மெக்கானிக் போன் செய்தான்.

"அக்கா, சாமான் வரல. நாளைக்குக் கண்டிப்பா வந்துடறேன். இன்னைக்குள்ள முடிக்கலேன்னா ஆப்புல என் பேரு சிவப்பாயிடும். அந்த ஓடிபி நம்பரை மட்டும் சொல்லிடுங்களேன்."

பிள்ளைகுட்டிக்காரன், பாவம் என்று ஆறு முறையும் சொன்னாள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகியவள் வேறென்ன செய்வாள்!

இன்று அலுவலகத்தில் புது லிஃப்ட் போடப்போகும் குடியிருப்புகளின் பட்டியல் வந்தது. இவர்கள் குடியிருப்பு அதில் இல்லை.

"உங்க பிளாக்ல ஒரு புகார்கூட பாக்கி இல்லையேம்மா. கம்ப்யூட்டர் எப்படி எடுக்கும்?" என்றாள் அதிகாரி. "இனி அடுத்த வருஷம்தான்."

குடியிருப்புக்குத் திரும்பியவள் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மேலே ஏறினாள். வெட்கமாக இருந்தது. தையல்காரரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்னாலதாண்ணே."

அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"அப்போ கம்ப்யூட்டர் கணக்குல நான் தினம் கீழ போய்ட்டு வந்துட்டுதான் இருக்கேன். இல்லம்மா?"

அவள் அங்கேயே உட்கார்ந்து ஏழாவது முறையாகப் புகாரைப் பதிந்தாள். சற்று நேரத்தில் போன் அடித்தது. மெக்கானிக்.

"அக்கா, நம்பர்..."

"நேர்ல வந்து வாங்கிக்கோப்பா. தையல்காரர் வீட்டுல இருக்கேன். அஞ்சாவது மாடி."



"லிஃப்ட் ஓடுதாக்கா?" என்று கேட்டான்.