வாசலில் தொங்கும் கோணல் சிலுவை

என் தங்கச்சி மறைந்து ஓராண்டு ஆகிறது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். கதை வேறு பக்கம் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சியும் என்னை அப்படித்தான் பொறுத்துக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் பிறந்தவள். இளம் வயதில் கணவரை இழந்து, ஒரே மகனோடு சிட்னிக்கு வந்து, மருத்துவமனைச் சலவைப் பகுதியில் கால் வீங்க நின்று உழைத்தாள். அவள் வைக்கும் கத்தரிக்காய்க் குழம்பு... சரி, அதை விடுகிறேன்.

மகன் அயர்லாந்துப் பெண்ணை மணந்தான்; அவள் எங்கள் தமிழையும் பழகிக்கொண்டாள். மருமகளின் தாய் இங்கே வந்திருந்தபோது, தங்கள் ஊர்ப் புனிதவதி பிரிஜிட்டின் திருநாளுக்குக் கோரைப்புல்லில் சிலுவை பின்னி வாசலுக்கு மேலே மாட்டினார். வீட்டைத் தீ அண்டாதாம். ஊர் திரும்பிச் சில மாதங்களில் அந்த அம்மா காலமானார்.

அடுத்த பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கிய தங்கச்சி, காய்ந்த மாவிலைத் தோரணத்தோடு சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டாள். வாடியதை வாசலில் விடுவது எங்கள் வழக்கமில்லை. பிரிஜிட் திருநாளுக்கு மருமகள் புதிது கட்டுவாள்தானே என்று நினைத்திருக்கிறாள். விஷயம் தெரிந்தபோது குப்பை வண்டி போய்விட்டது.

“பரவாயில்லை, மாமி,” என்ற மருமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று நாள் சமைக்கக் குசினிப் பக்கம் வரவில்லை.

“தாயின்ரை கைவேலையை எறிஞ்சுபோட்டன், அக்கா. இனி அவளின்ரை முகத்தை எப்பிடிப் பார்ப்பன்?” என்று தங்கச்சி அழுதாள்.

திருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. போனில் பார்த்துச் சிலுவை பின்னப் பழகினாள். பிறகு கோரை எடுக்க இருவரும் ஓடைக்கரைக்குப் போனோம். நான் கத்தியை எடுத்தேன்.

“வெட்டாதை அக்கா! கையாலைதான் பிடுங்கவேணுமாம்.”

“உன்ரை சிலுவைக்கு என்ரை இடுப்பெல்லோ கழரப்போகுது!”

பிடுங்கினோம். நாயோடு நடந்துவந்த ஒருவர் எங்கள் சேலைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

சிலுவையின் நாலு கையில் ஒன்று கட்டையாகிக் கோணிப்போனது. திருநாள் காலை அதை நீட்டினாள். “அம்மாவின்ரை மாதிரி வரேல்லை, பிள்ளை.” மருமகள் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, கதிரையில் ஏறித் தானே மாட்டினாள்.

கடைசி நாட்களிலும் தங்கச்சிக்கு அதே கவலை. “அந்தக் கோணலைக் கழட்டிப்போட்டு வடிவா ஒண்டு பின்னன், பிள்ளை.”

“இல்லை, மாமி. அது இருக்கட்டும்.”

அவள் நோயில் கிடந்தபோது சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், கிரியைகள் செய்வித்த ஐயருக்கும், தூரம் பாராமல் மெல்பேர்னிலிருந்து ஓடிவந்த உறவுகளுக்கும் என் கும்பிடு.

ஆண்டுத் திவசத்துக்கு வீடு துப்புரவாக்கும்போது நான் ஒட்டடை தட்டத் தும்புத்தடியை வாசல் நிலைக்கு மேலே உயர்த்தினேன். மருமகள் குசினியிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

“பெரியமாமி, அதைத் தொடாதேங்கோ! அது மாமி செய்தது.”

தொடுவேனா நான்?