கொஞ்சம் வெயிட் போட்டுட்டீங்க டீச்சர்

தையல் கடைக்காரர்கள் சொல்லும் பொய்கள் மூன்று. "நாளைக்கு வாங்க" என்பது முதலாவது. "காஜா மட்டும்தான் பாக்கி" என்பது இரண்டாவது. ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு அலைந்தவர்கள் எல்லாருக்கும் இந்த இரண்டும் தெரியும். மூன்றாவதைப் பொய் என்றே நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். செம்பாக்கத்தில் பத்தொன்பது வருடமாக லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கும் நான் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணியதில்லை. ஒருவரிடம் சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை.

இருபத்தெட்டுத் தாள்

கிரேஸ் டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். கனடாவில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஜனவரியில் ஞானஸ்நானம். அந்தப் பனியில் புடவை கட்டிக்கொண்டு நடக்க முடியாது, கடையில் வாங்கும் கவுன் எதுவும் அம்மாவின் குள்ளத்துக்குச் சரிப்படாது என்று மகள் ஒரு கம்பளி கவுனின் பேட்டர்னை போனில் அனுப்பியிருந்தாள். அதைத் தாள் தாளாக அச்செடுத்து, ஒட்டி, துணிமேல் வைத்து வெட்ட வேண்டும்.

ராஜகீழ்ப்பாக்கத்து ஜெராக்ஸ் கடையில் இருபத்தெட்டுத் தாள் வந்தது. அளவு சரியா என்று பார்க்க ஒரு மூலையில் இரண்டு அங்குலக் கட்டம் போட்டிருந்தார்கள். டேப் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, குறைந்தது. மறுபடி எடுக்கச் சொன்னேன். டீச்சர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். கடைக்காரர் பார்த்த பார்வை வேறு.

"இன்னாக்கா, ஒரு நூல் கம்மியா கீது. அதுக்குப் போயா இருபத்தெட்டு பேப்பரையும் திருப்பி அடிக்கணும்?"

நைட்டி பயம்

ஒரு நூலைக் கண்டுபிடித்த நான் அடுத்து செய்ததைக் கேளுங்கள். தாள்களை ஒட்டி அளந்தபோது, மார்புச் சுற்றளவு டீச்சரின் அளவைவிட ஐந்து அங்குலம் கூடுதலாக இருந்தது. வெள்ளைக்காரர் உடம்புக்குப் போட்டது என்று முடிவு செய்தேன். ஓரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை.

உயரத்தையும் கை நீளத்தையும் குறி போட்ட இடத்தில் ஒழுங்காகக் குறைத்தேன். பிறகு முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் தாளை ஓரத்தில் மடித்து அந்த ஐந்து அங்குலத்தையும் எடுத்துவிட்டேன். நம் ஊரில் தையல் நன்றாக இருக்கிறது என்றால் உடம்பைப் பிடித்திருக்கிறது என்று பொருள். லூசாக இருந்தால் அது நைட்டி. டீச்சருக்கும் அதே பயம்தான்.

"பாத்து தைம்மா பத்மா. நைட்டி மாதிரி இருந்துச்சுன்னா அதப் போட்டுக்கிட்டு நான் சர்ச்சுல ஆல்டர் முன்னாடி போய் நிக்க முடியாது."

கச்சிதம்

முதல் டிரையல் அன்று வெளியே மழை. வாழ்நாள் முழுக்கப் புடவை கட்டியவர், திரைக்குப் பின்னாலிருந்து சாம்பல் நிறக் கவுனில் வெளியே வரக் கூச்சப்பட்டார். வந்ததும் கண்ணாடி முன் ஒரு சுற்று சுற்றினார். யாராவது பார்த்தார்களா என்று பார்த்துவிட்டு இன்னொரு சுற்று. அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

கம்பளி தடிமன் என்பதால் பக்கத் தையல் புடைத்துத் தெரிந்தது. அது என் கண்ணை உறுத்தியது. பின்னாளில் பிரித்துவிட வசதியாக உள்ளே ஒரு அங்குலம் துணி விடாமல் என் கடையிலிருந்து ஒரு ரவிக்கைகூடப் போனதில்லை. அன்று அந்தத் துணியை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்தேன். எதிர் மெஷினில் இருந்த செல்வி, என்னிடம் பன்னிரண்டு வருடமாக வேலை செய்பவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"உள்ள துணி வுடாம வெட்டறீங்க. பின்னாடி பேஜாராவப் போவுது பாருங்க."

மூன்றாவது பொய்

அடுத்த வாரம் டீச்சர் ஒரு பையோடு வந்தார். மகள் யார் மூலமோ கொடுத்தனுப்பிய தெர்மல். பனிக்கு உள்ளே போடுகிற தடித்த பனியனும் கால்சட்டையும். அதன்மேல் ஒரு ஸ்வெட்டர். அதற்கும் மேல்தான் கவுன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது. ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, டீச்சர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றார். நான் மடித்து எடுத்த ஐந்து அங்குலம் எதற்காக இருந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிரித்துவிட உள்ளே துணியும் இல்லை.

கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். வாய் தானாகச் சொன்னது: "கொஞ்சம் வெயிட் போட்டுட்டீங்க டீச்சர்." ஒரே வாரத்தில் யாரும் ஐந்து அங்குலம் பெருத்துவிட மாட்டார்கள். கணக்கு டீச்சர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

"ஆமாம்மா. சுகர் இருக்குன்னு தெரிஞ்சும் பக்கத்து வீட்டு தீபாவளி மைசூர்பாகை நான்தானே தின்னு தீர்த்தேன். பத்து நாள்ல கொறச்சுட்டு வந்துடறேன்."

ஏரிக்கரை

அந்தப் பத்து நாளும் நான் கவுனைப் பார்க்கவில்லை. அலமாரியில் மற்ற துணிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அவர் மறந்துவிடுவார், அல்லது அங்கே போய் வேறு வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனமாக வேறு எதுவும் தோன்றவில்லை.

எட்டாம் நாள் செல்வி வேலைக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் என் முன்னால் நின்றாள். காலையில் ஏரிக்கரையில் டீச்சரைப் பார்த்திருக்கிறாள். வெறும் வயிற்றில் சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். தலை சுற்றிக் கரையில் உட்கார்ந்துவிட்டார். செல்விதான் டீக்கடையில் சர்க்கரை வாங்கி வாயில் போட்டு, ஆட்டோவில் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ராத்திரிச் சாப்பாடே ஒரு வாரமாக வெள்ளரிக்காய்தானாம். 'டெய்லரம்மா சொன்னாங்க' என்றாராம்.

"நீங்க துணிய கொறச்சு வெட்டிட்டீங்க. அதுக்கு அந்தம்மா ஒடம்ப கொறச்சுகினு கீறாங்க. நல்லா கீதுக்கா உங்க தொழிலு."

வீட்டில் போய்ச் சொன்னது

அவரைக் கடைக்கு வரச் சொல்லியும் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு பேர் முன்னால் தயங்காமல் சொன்ன பொய்யை, யாரும் இல்லாத இடத்தில்தான் திரும்பப் பெறும் துணிச்சல் எனக்கு இருந்தது. டீச்சர் கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் பாதி அடுக்கிய பெட்டி. கவுனைப் பிரித்துக் காட்டினேன். மடித்து எடுத்த ஐந்து அங்குலம், ஒட்ட வெட்டிய ஓரம், படிக்காத ஆங்கிலம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு எடை கூடவே இல்லை என்றும் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சவுகரியமாக இருந்திருக்கும். அவர் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வகுப்பில் அனுமதி கேட்கும் பிள்ளை மாதிரி, என்னைக் கேட்டார்.

"அப்ப நான் ரெண்டு இட்லி சாப்பிட்டுக்கலாமாம்மா?"

வக்கீல் கோட்டு

இரண்டு பக்கமும் பட்டை வைத்து அகலப்படுத்துவது ஒன்றே வழி. அதே துணி வாங்கிய கடையில் தீர்ந்துவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் வக்கீல்களுக்குக் கோட்டு தைக்கும் ஜென்ட்ஸ் டெய்லர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கறுப்புக் கம்பளியில் மிச்சத் துண்டு கேட்டேன். எதற்கு என்று கேட்டார். தொழில் தெரிந்தவரிடம் மழுப்ப முடியாது. முழுதும் சொன்னேன். துண்டை அளந்து கிழித்துக்கொண்டே, உண்மையான பரிதாபத்தோடு கேட்டார்.

"இதுக்கா இவ்ளோ அலையறீங்க? வெயிட் போட்டுட்டீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கலாமேக்கா?"

போட்டோ

அக்குள் முதல் கீழ் ஓரம் வரை இரண்டு கறுப்புப் பட்டை. இந்த முறை தெர்மல், ஸ்வெட்டர் எல்லாம் போடவைத்து அளந்தேன். உள்ளே ஒரு அங்குலம் துணியும் விட்டேன். ஜிப் கழுத்து வரை ஏறியது. டீச்சர் மூச்சைப் பிடிக்கவில்லை. கண்ணாடி முன் சுற்றவும் இல்லை. அதைக் கவனித்தேன்.

ஜனவரியில் போட்டோ வந்தது. சர்ச் வாசலில் பனி. டீச்சர் கையில் குழந்தை. கை தூக்கியிருந்ததால் கறுப்புப் பட்டை மேலிருந்து கீழ்வரை பளிச்சென்று தெரிந்தது. கூடவே அவர் குரலில் ஒரு செய்தி. அதை இரண்டாம் முறை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"சைடுல அந்த கறுப்பு நல்லா இருக்கு, யார் டிசைன்னு இங்க ரெண்டு பேர் கேட்டாங்கம்மா. எங்க டெய்லர் யோசிச்சு வெச்சதுன்னு சொல்லிட்டேன்."

அன்று முதல் என் கடைக்கு வருகிற ஒருவருக்கும் எடை கூடவில்லை; நான்தான் அடிக்கடி தப்பாக வெட்டிவிடுகிறேன்.