விருப்பப் பாடமும் ராகுகாலமும்

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. எந்தப் பொருளாதாரத்தைப் படிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு வழி சொல்வதுதான் ஆளைத் தின்கிற வேலை. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு அந்த வேலையும் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். இப்போது பட்டப்படிப்பு நாலு வருஷம். கட்டாயப் பாடங்கள் போக, ஒவ்வொரு பருவத்திலும் ஒரு விருப்பப் பாடத்தை மாணவரே எடுத்துக்கொள்ளலாம். கணிதப் பொருளாதாரம், வங்கியியல், சுற்றுச்சூழல், தொழிலாளர் இடப்பெயர்வு என்று கடை விரித்திருக்கிறோம். அவரவர் மனசுக்குப் பிடித்ததை எடுக்கத்தான் இத்தனை ஏற்பாடும். வீட்டில் கல்லூரி போகிற பிள்ளை இருந்தால் இது எவ்வளவு சுகமான ஏற்பாடு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மூன்று மணி வண்டி

முதலில் வந்தவன் ஜெபின். பாறசாலைக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். தினமும் ரயிலில் வந்து போகிறவன். எந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவே இல்லை. எந்தப் பாடம் மத்தியானத்தோடு முடியும் என்று மட்டும் கேட்டான். நான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார வைத்து, விருப்பம் என்றால் என்ன, பிடித்த பாடத்தைப் படித்தால் வாழ்க்கை எப்படி மாறும் என்றெல்லாம் விளக்கினேன். நானே நெகிழ்ந்துபோகும் அளவுக்குப் பேசியிருப்பேன். பையன் தலையை ஆட்டி ஆட்டி மரியாதையாகக் கேட்டான்.

கடைசியில் எழுந்து, "மிஸ் சொன்னது எல்லாம் செரிதான். ஆனா அந்த மூணு மணி வண்டிய விட்டா பெறவு வீட்டுக்குப் போவ ராத்திரி ஆயிரும்" என்றான்.

நாலு பேருக்கு ஒரே விருப்பம்

ரயில் நேரம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் அவன் உட்காரும் பெஞ்ச். அதில் நாலு பையன்கள். டீ குடிப்பது, சினிமாவுக்குப் போவது, வகுப்புக்கு வராமல் இருப்பது எல்லாம் நாலு பேரும் சேர்ந்துதான். எங்கள் கல்லூரியில் எழுதி வைக்காத சட்டம் இது: ஒரு பெஞ்ச் என்றால் ஒரு பாடம். இவர்கள் நாலு பேரும் கணிதப் பொருளாதாரம் என்று முடிவு செய்திருந்தார்கள். கணக்கில் காதல் என்று நினைத்துவிடாதீர்கள். அது காலை வகுப்பு, அவ்வளவுதான்.

ஜெபினை மட்டும் ஒருநாள் கேன்டீனில் தனியாகப் பிடித்தேன். பேச்சு எப்படியோ அவனுடைய சித்தப்பா மகன் குவைத்துக்குப் போய்த் திரும்பி வந்த கதைக்குத் திரும்பியது. விசா ஏஜென்ட் சொன்னது என்ன, அங்கே கிடைத்த வேலை என்ன, ஊரில் இன்னும் யார் யார் போகத் துடிக்கிறார்கள், ஏன் பெண்கள் போனால் பணம் ஒழுங்காக வீட்டுக்கு வருகிறது. என் டீ ஆறிப்போனதுதான் மிச்சம், அவன் நிறுத்தவில்லை. "நீ பேசுவது அத்தனையும் இடப்பெயர்வுப் பாடமடா, அதை எடு" என்றேன். அது மத்தியானக் கடைசி வகுப்பு என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் சொன்ன காரணம் வேறு.

"கூட்டுக்காரனுவள விட்டுட்டு நான் மட்டும் தனியா போயி இருந்தா நல்லாவா இருக்கும், மிஸ்?"

வத்தல் விலை

கோமதி நகரத்துக்குள்ளேயே ஸ்ரீவராகத்துப் பெண். அப்பா சுப்பிரமணியன் சாலை என்று பேர் கொண்ட பெரிய கடைத்தெருவில் மிளகாய் வத்தல், பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் கணக்கர். என்ன பிடிக்கும் என்று இவளிடம் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவள்தான் என்னைக் கேட்டாள். ஆந்திராவில் மழை என்று டிவியில் சொன்ன அன்று சாயங்காலமே சாலைக் கடைத்தெருவில் வத்தல் விலை ஏறிவிடுகிறது. கடையில் இருப்பதோ போன மாசமே வந்து இறங்கிய வத்தல். அதன் மேல் ஒரு துளி மழை விழவில்லை. அப்படியானால் ஏறிய விலையில் மழை எவ்வளவு, பயம் எவ்வளவு, இதைப் பிரித்து அளக்க முடியுமா என்று கேட்டாள். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. இப்படி ஒரு கேள்வி வருஷத்துக்கு ஒன்று வந்தால் போதும், சம்பளத்தைக்கூட மறந்துவிடலாம்.

அதை அளக்க வேண்டுமென்றால் இந்தப் பருவம் கணிதப் பொருளாதாரம் எடுத்தாக வேண்டும். எங்கள் துறையில் அது இல்லாமல் அடுத்த வருஷப் புள்ளிவிவரப் பாடம் கிடையாது. அது இல்லாமல் நாலாம் வருஷ ஆராய்ச்சியும் கிடையாது. ஆனால் அப்பா வங்கியியல்தான் எடுக்க வேண்டும், பேங்க் பரீட்சைக்கு உதவும் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு நாள் கழித்து அவரே கடையில் லீவு சொல்லிவிட்டு, கையில் குடையோடு என்னைப் பார்க்க வந்தார். நான் ஆராய்ச்சி, எதிர்காலம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாக எடுத்து விட்டேன். ஒன்றும் அவரிடம் செல்லுபடியாகவில்லை. கடைசியில், உங்கள் பெண் என்ன கேட்கிறாள் தெரியுமா என்று அந்த வத்தல் கேள்வியைச் சொன்னேன். அவர் குடையை மேஜை மேல் வைத்தார்.

"முப்பது வருஷமா வத்தல் விலைய எழுதிண்டிருக்கேன், ஏன் ஏறறதுன்னு நான் கேட்டதில்லை மிஸ். அவ கேக்கறா. படிச்சுக்கட்டும்."

எட்டு மணிக்குத் திறந்த கதவு

பாடத்தைப் பதிவு செய்வது ஆன்லைனில். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கும், முந்துகிறவருக்கு இடம். எட்டுக்கு அமுக்குங்கள், எட்டுக்கு அமுக்குங்கள் என்று தொண்டை வற்றச் சொல்லியிருந்தேன். கோமதி விடிகாலையில் குளித்து, லேப்டாப்பைச் சுவாமி விளக்குக்கு முன்னால் வைத்துத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். அப்போதுதான் அப்பாவுக்கு நினைவு வந்திருக்கிறது: திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். வங்கியியல் என்றால் மனுஷன் பஞ்சாங்கத்தைத் தொட்டே இருக்க மாட்டார். மகள் இத்தனை ஆசைப்பட்ட பாடம், அதை நல்ல நேரத்தில்தான் தொடங்க வேண்டும் என்று ஒன்பது வரை அவளைக் கையைக் கட்டி உட்கார வைத்துவிட்டார். ஒன்பதுக்கு அமுக்கினால், கணிதப் பொருளாதாரம், இடம் இல்லை. நம் நாலு பேர் பெஞ்ச் கல்லூரி வாசல் டீக்கடையில் நின்றபடியே எட்டு அடித்த கையோடு அமுக்கிவிட்டிருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் யார் முகத்தைப் பார்த்துக் கோபிப்பது? கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்த புது ஃபிரிட்ஜும் ராகுகாலம் முடிகிறவரை வாசலில் வெயில் காய்ந்திருக்கிறது. கோமதி அழுதுகொண்டே வந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு துறைத்தலைவர் ஷீலா டீச்சரிடம் போனேன். ஒரே ஒரு இடம் கூட்டித் தரும்படி கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை வரை பாடம் மாற்றிக்கொள்ள அவகாசம் உண்டு, அதுதான் ஒரே வழி என்றார் அவர்.

"ஸீட் கூட்ட எனக்கு அதிகாரம் இல்லை கேட்டோ. ஒருத்தன் எழும்பினா இவ இருக்கலாம், அவ்வளவுதான், அத்ரே உள்ளூ."

எழும்பாத பெஞ்ச்

யார் எழும்ப வேண்டும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு மாணவிக்காக இன்னொரு மாணவனை எழுப்பி விடுவது ஆலோசகர் செய்கிற வேலை இல்லை.  அந்த வாரம் முழுக்கக் கணித வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஜெபின் கரும்பலகையை வெறித்துக்கொண்டு இருப்பான். வராந்தாவில் கோமதி, இடம் இல்லாத வகுப்புக்கு வெளியே நின்று குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பாள்.  இருந்தாலும் அவளைப் பற்றி ஜெபினிடம் நான் வாய் திறக்கவில்லை. சேராவிட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு நாள் இடப்பெயர்வு வகுப்பில் போய் உட்கார்ந்து பார் என்று மட்டும் சொன்னேன். அவனை அந்த வகுப்புக்குக் கூப்பிட்டது கேன்டீனில் கேட்ட குவைத் கதைக்காகத்தான். கோமதிக்காகவும்தானே என்று கேட்டால், கொஞ்சம் ஆமாம்.

வியாழக்கிழமை போய் உட்கார்ந்தான். விசா ஏஜென்டுகளைப் பற்றிப் பாடம் எடுத்த ஆசிரியரோடு சண்டைக்கே போய்விட்டானாம், புத்தகத்தில் இருப்பது அவனுடைய ஊரில் நடப்பது மாதிரி இல்லை என்று. வகுப்பு முடிந்தும் இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது பையன் தனியாக வாசலில் நின்றிருந்தான். முகத்தில் திருட்டுச் சிரிப்பு.

"வண்டி போயிட்டு மிஸ். நான் பாக்கவே இல்ல."

வெள்ளிக்கிழமை

அன்று பன்னிரண்டு மணியோடு அவகாசம் முடிகிறது. பத்தேமுக்காலுக்கு ஜெபின் என் அறைக்கு வந்தான். கூட்டுக்காரர்களிடம் ராத்திரியே பேசிவிட்டானாம், டீக்கு மட்டும் தவறாமல் வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டுவிட்டார்களாம். யாராவது எழும்புவார்களா என்று கோமதியும் அப்பாவும் காலையிலிருந்தே அங்கே காத்திருந்தார்கள். யார் எழும்பினாலும் அந்த இடம் எல்லாருக்கும் தெரியும்படி திரையில் வந்துவிடும், அதைக் கொத்திக்கொண்டு போக வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். ஜெபின் என் கம்ப்யூட்டரில் தன் பாடத்தை மாற்றினான். கோமதியின் லேப்டாப்பில் கணிதப் பொருளாதாரத்துக்கு எதிரே ஒரு இடம் என்று வந்தது.

அவள் அமுக்கவில்லை. தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்ன காலம் என்று அந்த அறையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.  அந்த மனிதரின் நெற்றியில் வேர்த்துவிட்டது. போன திங்கட்கிழமை தான் செய்தது என்ன என்று அவருக்குத் தெரியும். இப்போது செய்யச் சொல்லப் போவது என்ன என்றும் தெரியும். மகளின் தோளில் கையை வைத்தார்.

"ராகுகாலம் பாக்கறது புதுசா ஒண்ணு தொடங்கறதுக்காக்கும். நாம திங்கட்கிழமையே தொடங்கியாச்சு, இது அதோட பாக்கி. நீ அமுக்கு."

அமுக்கினாள், இடம் அவளுக்கே கிடைத்தது. இந்த உத்தியோகத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: பிள்ளைகள் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெற்றோர் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், காலி நாற்காலி தேடி அலைவது மட்டும் எனக்கு ஒவ்வொரு பருவமும் கட்டாயப் பாடம்.