அய்யய்யோ சொல்லாத வீட்டுக்காரம்மா

தமிழ்ப் பெண்மணி எப்படிப் பேசுவாள் என்று போன மாதம் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். மும்பைக்காரர். ஓடிடி கம்பெனிக்குப் படம் பார்த்து வாங்குவது அவர் வேலை.

“ஒவ்வொரு டயலாக்குக்கு முன்னாடியும் ஒரு அய்யய்யோ வேணும் மேடம். அப்பத்தான் நீங்க தமிழ்னு ஆடியன்ஸுக்குப் புரியும்” என்று இந்தியில் விளக்கினார்.

எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தால் நானும் அய்யய்யோ என்பேன். மறுக்கவில்லை. ஆனால் ‘ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவேன்’ என்று சொல்வதற்கு எதற்கு அய்யய்யோ?

விஷயம் என்னவென்றால்… நான் ஒரு சினிமாவில் நடித்துவிட்டேன். சிரித்து முடித்தவர்கள் மேலே படிக்கலாம்.

ஹைதராபாத் சினிமா என்றதும் உங்களுக்குத் தெலுங்குப் படம்தான் நினைவுக்கு வரும். அது கடல். அதன் ஓரமாக ஒரு குட்டை உண்டு. இந்த ஊர் தக்கினிப் பேச்சில் எடுக்கிற சின்னப் படங்கள். உருது, இந்தி, தெலுங்கு மூன்றையும் ஒரே தட்டில் போட்டுப் பிசைந்த மாதிரி ஒரு பேச்சு. ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’. ஹீரோ பகலில் செல்போன் கடை நடத்துவார். வில்லன் டிரைவிங் கற்றுக்கொடுப்பார். தியேட்டர் கிடைக்காது. கிடைத்தாலும், வெள்ளிக்கிழமை ரிலீஸான படத்தை அன்று சாயங்காலமே யாராவது வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுவிடுவார்கள்.

அந்தக் குட்டையில்தான் குதித்தாள் ஃபர்ஹானா. குஷாய்குடாவில் எங்களுக்கு அடுத்த தெரு. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். தனியாக வாழும் ஒரு நர்ஸ் வாடகை வீடு தேடி அலைகிற கதையை எழுதி, அவளே டைரக்ட் செய்தாள். நர்ஸை வாசலில் நிற்கவைத்தே கேள்வி கேட்டுத் துரத்துகிற வீட்டுக்காரம்மா ஒருத்தி கதையில் உண்டு. அந்த வேஷத்துக்கு ஒப்புக்கொண்டவர் ஷூட்டிங் அன்று வரவில்லை. போவன்பள்ளி மார்க்கெட்டில் நான் முருங்கைக்காய்க்காரரிடம் “கைக்கு ஜீ? ஏன்யா, இது முத்தலா தெரியலயா?” என்று மல்லுக்கு நின்றதை ஃபர்ஹானா பார்த்திருக்கிறாள்.

“அப்படியே பேசுங்க ஆன்ட்டி. நடிக்க மட்டும் செஞ்சிடாதீங்க” என்றாள்.

பேசினேன். எங்கள் வீட்டு வாசலிலேயே ஷூட்டிங். என் கணவர் மாடியில் ஒளிந்துகொண்டார்.

இப்போது மும்பைக்காரரிடம் வருவோம். ஃபர்ஹானா வீட்டு ஹாலில் படம் பார்த்தார். நிஜமாகவே பிடித்திருந்தது அவருக்கு; ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நிபந்தனை சொன்னார். படம் முழுவதையும் சுத்தமான இந்தியில் திரும்ப டப் செய்ய வேண்டும். என் குரலுக்கு மட்டும் ஒரு மிமிக்ரி ஆர்ட்டிஸ்ட். அய்யய்யோவோடு.

“நான் நிஜத் தமிழச்சிதான் சார்” என்றேன்.

“தெரியும் மேடம். ஆனா அப்படித் தெரியலயே” என்றார், மரியாதையாகவே.

ஃபர்ஹானா ஒரு நாள் அவகாசம் கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

“என்னட்டி, ஒரே ஒரு படத்துல தலையக் காட்டிட்டு இந்தக் கோவமா?” என்றார் கணவர். முப்பது வருஷம் இங்கே வேலை பார்த்தும் அவர் நாக்கு இன்னும் திருநெல்வேலியில்தான் இருக்கிறது. “உன் கோவத்துக்கு அந்தப் புள்ள பொழப்பக் கெடுத்துராத. அவகிட்ட ஒத்துக்கிடச் சொல்லு.”

நியாயம்தானே? மறுநாள் காலை போய்ச் சொன்னேன். “என் குரல் போனால் போகட்டும் ஃபர்ஹானா. எத்தனை வருஷ உழைப்பு. கையெழுத்துப் போட்டுவிடு.”

அவள் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, தக்கினியில் நிதானமாகச் சொன்னாள்: “எங்க பேச்சு மும்பைக்காரங்க படத்துல எப்ப வரும் தெரியுமா ஆன்ட்டி? சிரிக்கணும்னா வரும். டிரைவர் பேசுவான், குடிகாரன் பேசுவான். என் படத்துல நர்ஸ் அந்தப் பேச்சுலதான் ஊசி போடறா, சண்டை போடறா, அழறா. அதை எடுத்துட்டா அவ இந்த ஊர்க்காரியே இல்ல. அப்புறம் இந்த ஊர்ல வீடு கிடைக்கலன்னு அவ எதுக்கு அழணும்?”

என் எதிரிலேயே மும்பைக்கு போன் போட்டாள். “நக்கோ சார்.” அவ்வளவுதான்.

செகந்திராபாத்தில் ஒரு பழைய தியேட்டர் பகல் காட்சி தருவதாகச் சொன்னது. ரிலீஸுக்கு முதல் நாள் மேனேஜரிடமிருந்து போன். பெரிய படம் ஒன்றுக்குக் கூட்டம் அதிகம், பகல் காட்சி கிடையாது. வேண்டுமானால் காலை ஒன்பது மணிக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காலை ஒன்பது மணிக்கு எவர் சினிமா பார்ப்பார்? குக்கர் விசில் எண்ணுகிற நேரம் அது. எனக்கு அழுகை வந்தது. ஃபர்ஹானா மட்டும் சுவரைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த நேரத்துல வேலை முடிஞ்சு வர்றவங்க யாரு ஆன்ட்டி?” என்றாள். அவளே பதிலும் சொன்னாள். “நைட் டியூட்டி நர்ஸுங்க.”

அன்று சாயங்காலமே போஸ்டரும் கையுமாகக் கிளம்பினோம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, டியூட்டிக்கு உள்ளே போகிற பெண்களை கேட்டிலேயே மடக்கினோம். “நாளைக்குக் காலையில நேரா தியேட்டருக்கு வாங்க. உங்க கதைதான்.” பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரு செக்யூரிட்டி எங்களை விரட்டினார். ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலை வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தோளில் பை, பையில் காலி டிபன் பாக்ஸ். இரண்டு பேர் ஏசி பட்டதும் தூங்கிவிட்டார்கள். அவர்களை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

திரையில் நான் வந்தேன். “நைட் டியூட்டியா? விடியற நேரத்துல ஒரு பொண்ணு வீடு திரும்பினா தெருவுல என்ன பேசுவாங்க?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று என்னைத் தெலுங்கில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். பக்கத்திலிருந்தவள் தமிழில் திட்டினாள். கடைசி வரிசையில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த விருது கொடுத்தால் இதற்கு ஈடாகும்?

அய்யய்யோ இல்லாமலே அவர்களுக்கு என்னைப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை அவர்கள் ஹாஸ்டல் தோழிகளையும் கூட்டிவந்தார்கள். எவனோ ஒருவன் திரையைப் படமெடுக்க செல்போனைத் தூக்கினான். “போனை உள்ள வை. எங்க படம் இது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கை இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளம் நிறைந்தது. ஃபர்ஹானா உட்காரவே இல்லை. கதவோரம் நின்று திரைக்கு முதுகைக் காட்டியபடி, பார்ப்பவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்ன சினிமா செத்துப்போச்சு என்று எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். இருக்கலாம். போட்ட காசு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அடுத்த படத்துக்குத் தியேட்டர் கிடைக்குமா, தெரியாது. ஆனால் பார்க்க ஆள் இல்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். ஆள் இருக்கிறது. அது எந்த கேட்டில், எந்த நேரத்தில் நிற்கிறது என்று நாம்தான் போய்ப் பார்ப்பதில்லை.

இரண்டாவது வாரத்துக்கு மேனேஜரே போன் செய்தார். பெரிய படத்துக்குக் கூட்டம் குறைந்துவிட்டதாம். பகல் காட்சிக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எங்கள் ஜனங்களுக்குக் காலைதான் வசதி என்றாள் ஃபர்ஹானா.

பகல் காட்சியைப் பெரிய படத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டோம். பாவம், அவர்களும் பிழைக்க வேண்டுமே.